சிவந்த சிறுநீர் சொல்வது என்ன? நாய், பூனைகளின் சிறுநீர்ப் பாதையில் குடியேறும் புழுக்கள்



செல்லப்பிராணிகளைப் பற்றிய நம் தொலைக்காட்சி அரங்கத்தின் ஒளிப்பதிவு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார்.

"தங்கச்சி, எங்க வீட்டு ஆண் பூனை நேத்திலிருந்து மூத்திரம் போக முக்கிக்கிட்டே இருக்கு. சொட்டு சொட்டா இரத்தமா வருது. பூச்சி மருந்து கொடுத்தேன், கேட்கல. இன்னொரு மாத்திரை கொடுக்கலாமா?"

சிறப்பு விருந்தினராக வந்திருந்த கால்நடை மருத்துவர் பதில் சொல்வதற்கு முன் எழுந்தே விட்டார். "அம்மா, நிகழ்ச்சியை அப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே போய் பூனையைக் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்" என்றார். அரங்கமே அமைதியாகிவிட்டது. அந்த அம்மாவும் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி நேரத்தில் எங்கள் வீட்டு ஆண் பூனையும் இப்படித்தான் மணல் பெட்டியில் போய்ப் போய் உட்கார்ந்தது. "வயிற்றில் பூச்சி இருக்கும், மாத்திரை கொடு" என்றார் அம்மா. கொடுத்தேன். பலகார வேலை, வீடு நிறைய விருந்தினர். பண்டிகை முடியட்டும், பார்க்கலாம் என்றிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் அது துணி மூட்டைக்குப் பின்னால் அசையாமல் கிடந்தது. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் இறந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கும் பூச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகவே, அன்றைய அரங்கத்தில் பேசப்பட்டவற்றை இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சிறுநீர்ப் பாதையில் புழு வருமா? வரும். ஆனால், நாம் நினைக்கும் புழு அல்ல. நாம் நினைக்கும் வழியிலும் அல்ல.

பூச்சி என்றால் எந்தப் பூச்சி?

நாய், பூனைகளுக்கு நாம் வழக்கமாக வாங்கிக் கொடுக்கும் பூச்சி மருந்து குடல் புழுக்களுக்கானது. உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு, சாட்டைப்புழு ஆகியவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை குடலில் வாழ்கின்றன. இவற்றின் முட்டைகளும் துண்டுகளும் மலத்தோடுதான் வெளியேறும், சிறுநீரோடு அல்ல.

"ஆனால் நான் என் கண்ணால் பார்த்தேனே, சிறுநீர் கழித்த இடத்தில் வெள்ளையாகப் புழு நெளிந்ததே" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் விளக்கம் உண்டு. நாடாப்புழுவின் உடல் சிறுசிறு துண்டுகளால் ஆனது. முற்றிய துண்டுகள் அரிசி மணிபோல் பிரிந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள உரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். பூனை சிறுநீர் கழிக்க உட்காரும்போது அவை கீழே விழலாம். ஈரத்தில் கிடந்து நெளியும். பார்ப்பவருக்குச் சிறுநீரில் வந்ததுபோலவே தோன்றும். சிறுநீர்ப் பையில் உண்மையாகவே வாழும் புழுவோ தலைமுடியைப் போல மெல்லியது. தரையில் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார். குடல் புழுவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பைரான்டெல் போன்ற மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குள் அதிகம் போவதில்லை. குடலில் நின்று வேலை செய்வதற்காகவே அது பயன்படுகிறது. அப்படியிருக்க, சிறுநீர்ப் பையிலோ சிறுநீரகத்திலோ இருக்கும் புழுவை அது எப்படித் தொடும்? வாசலில் நிற்கும் காவலரிடம் மாடியில் இருக்கும் திருடனைப் பிடிக்கச் சொல்வதுபோல்தான்.

சிறுநீரகத்தைத் தின்னும் இராட்சதப் புழு

சிறுநீர் உறுப்புகளைத் தாக்கும் புழுக்களில் மிகப் பெரியதன் பெயர் டையோக்டோஃபைமி ரெனாலே. சிறுநீரக இராட்சதப் புழு என்று நாம் அழைக்கலாம். 1782-இல் ஜெர்மானியப் பாதிரியாரும் விலங்கியல் அறிஞருமான யோஹான் கோயட்சே இதற்கு அறிவியல் விவரம் எழுதினார். வீட்டு விலங்குகளைத் தாக்கும் உருண்டைப் புழுக்களில் இதைவிடப் பெரியது இல்லை. பெண் புழு 100 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு மீட்டர் வரை வளரும். தடிமன் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். ஆண் புழு அதில் பாதிக்கும் குறைவு. நிறம் இரத்தச் சிவப்பு.

இது நாயின் உடலுக்குள் வந்து சேரும் வழி ஒரு நீண்ட பயணம். அதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், நோயுற்ற விலங்கின் சிறுநீரோடு புழுவின் முட்டை வெளியேறுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத முட்டை அது. வறண்ட தரையில் விழுந்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். ஆறு, குளம், வாய்க்கால் என்று தண்ணீரில் சேர்ந்தால்தான் உள்ளே இளம்புழு உருவாகும். அதற்கு வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் சில மாதம் வரை ஆகும்.

அடுத்து, நன்னீரில் வாழும் மண்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு புழு அந்த முட்டையை விழுங்குகிறது. அதன் உடலுக்குள்தான் இளம்புழு அடுத்த பருவத்துக்கு வளர்கிறது. பிறகு மீனோ தவளையோ அந்த நீர்ப்புழுவைத் தின்கிறது. மீனின் உடலில் இளம்புழு மேலும் வளராமல் காத்திருக்கிறது.

கடைசியாக, நாய் அந்த மீனையோ தவளையையோ பச்சையாகத் தின்கிறது. இளம்புழு நாயின் குடல் சுவரைத் துளைத்து வெளியேறி, கல்லீரல் வழியாகச் சென்று, சிறுநீரகத்தை அடைகிறது. பெரும்பாலும் வலது சிறுநீரகம்தான். ஏன் வலது? குடலின் தொடக்கப் பகுதி வலது சிறுநீரகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருக்கும் வீட்டுக்குள் திருடன் முதலில் நுழைகிறான், அவ்வளவுதான்.

உள்ளே போன புழு சிறுநீரகத்தின் சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. கடைசியில் மிஞ்சுவது வெளி உறை மட்டுமே. அறுவை மருத்துவர்கள் அதைத் திறந்து பார்க்கும்போது, ஒரு பைக்குள் சிவப்புக் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் புழு இருக்கும். நாய் மீனைத் தின்றதிலிருந்து சிறுநீரில் முட்டை தென்படும் வரை மூன்றரை முதல் ஆறு மாதம் ஆகிறது.

நாய் துடிக்காதா என்று அரங்கத்தில் ஒரு மாணவர் கேட்டார். பல நாய்கள் வெளியே ஒன்றும் காட்டுவதில்லை என்பதே உண்மை. ஒரு சிறுநீரகம் போனால் மற்றது பெரிதாகி இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. சில நாய்களுக்குச் சிறுநீரில் இரத்தம் வரும். முதுகு வளையும், மெலியும், வயிறு வலிக்கும். இரண்டு சிறுநீரகமும் கெட்டால் உடலில் கழிவு தேங்கி உயிர் போகும். சில சமயம் புழு சிறுநீரகத்துக்கே போகாமல் வயிற்றுக் குழியில் தங்கிவிடும். அப்போது சிறுநீரில் முட்டையே வராது. ஆண் புழு மட்டும் இருந்தாலும் அப்படித்தான். எனவே சிறுநீர்ச் சோதனையோடு ஸ்கேனும் தேவைப்படுகிறது. ஸ்கேன் திரையில் புழுவின் உடல் வட்ட வட்டமாகத் தெரியும்.

மாத்திரையால் தீருமா? நம்பிச் செய்யக்கூடிய சிகிச்சை அறுவைதான். அழிந்த சிறுநீரகத்தைப் புழுவோடு சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மற்றச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் நாய் அதன்பின் இயல்பாக வாழும்.

இந்தப் புழு எங்கே அதிகம்? வட அமெரிக்காவில் மிங்க் என்னும் நீர்க்கரை விலங்கு இதன் முக்கிய இருப்பிடம். மீன் தின்னும் விலங்கு என்பதால் அது பொருத்தமே. தென்னமெரிக்காவில் நாய்களிடம் நிறையக் கண்டறியப்பட்டுள்ளது. பிரேசிலின் தென்கோடியிலுள்ள பெலோட்டாஸ் நகரிலும், அர்ஜென்டினாவில் லா பிளாட்டா ஆற்றோரத்திலுள்ள என்செனாடா பகுதியிலும் கால்நடை ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அடிக்கடி வெள்ளம் புகும் தாழ்வான குடியிருப்புகள், அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள், கரையில் வீசப்படும் மீன் கழிவு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் இடங்கள் அவை. மனிதருக்கும் இப்புழு வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அவை மிகவும் அரிது. வேகாத மீனோ தவளையோ உண்பதே அதற்கும் வழி. நாயின் சிறுநீரைத் தொட்டதால் பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. முட்டை தண்ணீரில் வளர்ந்து, நீர்ப்புழுவுக்குள் பருவம் மாறாமல் யாரையும் தொற்றாது.

சிறுநீர்ப் பையில் முடிபோன்ற புழு

இரண்டாவது வகை அளவில் நேர் எதிர். பியர்சோனிமா என்று பெயர். இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று நாய், நரிகளுக்கும், மற்றது பூனைகளுக்கும் உரியது. நீளம் ஒன்றிலிருந்து ஆறு சென்டிமீட்டர், பருமனோ ஒரு முடிதான். சிறுநீர்ப் பையின் உள்சுவரில் தலையைச் செருகிக்கொண்டு வாழும். சில சமயம் மேலேறிச் சிறுநீரகக் குழாய்களுக்கும் போகும்.

நாய்க்கு இதைக் கொண்டுவருவது மண்புழு. முட்டை சிறுநீரோடு மண்ணில் விழ, மண்புழு அதை விழுங்க, அந்த மண்புழுவை நாயோ நரியோ தின்ன, ஏறத்தாழ 60 நாளில் அதன் சிறுநீரிலும் முட்டை வரத் தொடங்கும். ஐரோப்பாவில் காட்டு நரிகளிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. பூனைகளிடம் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் கண்டறியப்பட்டுள்ளது. வேட்டையாடும் பூனைகளே அதிகம் ஆளாகின்றன.

பெரும்பாலான விலங்குகளுக்கு இதனால் தொல்லை தெரிவதில்லை. புழு நிறைய இருந்தால் சிறுநீர்ப் பை வீங்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். முக்கும். இரத்தம் கலந்து வரும். வீட்டில் கட்டுப்பாடில்லாமல் கண்ட இடத்தில் கழிக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது நுண்ணோக்கியால்தான். சிறுநீரைக் குழாயிலிட்டு வேகமாகச் சுழற்றினால் அடியில் படிவு சேரும். அதில் இரு முனையிலும் மூடியிட்டதுபோன்ற முட்டை தெரியும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. குடலில் வாழும் சாட்டைப்புழுவின் முட்டைக்கும் இரு முனையிலும் மூடி உண்டு. தரையிலிருந்து வழித்தெடுத்த சிறுநீரில் மலம் கலந்திருந்தால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட வாய்ப்புண்டு. ஆகவேதான் சுத்தமாகப் பிடித்த சிறுநீரையே மருத்துவர்கள் கேட்கிறார்கள். முட்டை எல்லா நாளும் வராது என்பதால் ஒருமுறைக்கு மேலும் சோதிக்க நேரும்.

இதற்கு மருந்து உண்டு. ஃபென்பென்டசோல், ஐவர்மெக்டின் போன்றவற்றை மருத்துவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கடையில் வாங்கி நாமே கொடுக்கும் மருந்தல்ல இது. கோலி போன்ற சில நாயினங்களுக்கு ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும்.

புழு இல்லாமலும் சிவக்கும்

இதுவரை படித்ததும், "நம் பூனைக்கும் இந்தப் புழுதான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிறுநீர் சிவந்தால் மருத்துவர் மனத்தில் புழு கடைசி வரிசையில்தான் வரும். அதற்கு முன்னால் நிற்பவை வேறு.

பூனைகளில் முதலிடம் சிறுநீர்ப் பை அழற்சிக்கு. கிருமி இல்லாமலேயே, மன அழுத்தம், குறைந்த தண்ணீர், இடமாற்றம், புதுப் பூனையின் வரவு ஆகியவற்றால்கூட இது தூண்டப்படும். அடுத்தது கல்லும் மணல்போன்ற படிவும். பெண் பூனைக்குக் குழாய் அகலம். ஆண் பூனைக்கு அது மிகக் குறுகல். சிறிது படிவும் சளியும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சிறுநீரகம் கழிவை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். இதற்கு இரண்டு மூன்று நாளே போதும். முன்வரிசை அம்மாவை மருத்துவர் விரட்டியது இதனால்தான்.

நாய்களில், குறிப்பாகப் பெண் நாய்களில், கிருமித் தொற்று சாதாரணம். கல்லும் உண்டு. நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று எலிச் சிறுநீர் நோய். லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலியின் சிறுநீரில் வருகிறது. லோங்காங்கில் தேங்கிய நீரைக் குடிக்கும் நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அது தாக்கும். மனிதருக்கும் தொற்றும். மலேசியாவில் 2010 முதல் இது சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

இன்னொன்று வியப்பாக இருக்கும். சிறுநீர்ப் பாதையில் இல்லாத ஒரு புழுவாலும் சிறுநீர் சிவக்கும். அது இதயப்புழு. கொசுக்கடியால் நாய்க்கு வருகிறது. புழுக்கள் பெருகி இதயத்தின் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டால், அவற்றினிடையே ஓடும் இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த அணுக்களின் நிறம் சிறுநீரில் இறங்கி, அது கருஞ்சிவப்பாக, கோப்பி நிறத்தில் வரும். நாய் திடீரென்று சோர்ந்து விழும். இது உடனடி அபாயம். மாதந்தோறும் கொடுக்கும் தடுப்பு மருந்து இதைத் தவிர்க்கும். கொசுவுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் அந்த மருந்தைத் தவறவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

அரங்கத்தின் முடிவில் எல்லாரும் குறித்துக்கொண்ட செய்திகளை இங்கே தருகிறேன். வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கலாம்.

ஒன்று: ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது சொட்டாக வருகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இரவானாலும் திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடுங்கள். மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். முக்குவது எதற்கு என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு: நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமோல் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

மூன்று: முடிந்தால் சுத்தமான சிறு டப்பாவில் புதுச் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுபோங்கள். நாய்க்கு நடைப்பயிற்சியின்போது நீண்ட அகப்பையால் பிடிக்கலாம். பூனைக்குச் சிரமம், அதை மருத்துவரே எடுத்துக்கொள்வார். என்று தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்ன நிறம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு: ஆற்றுமீன், குளத்துமீன், தவளை எதுவானாலும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். நன்றாக வேகவைத்தால் இளம்புழு செத்துவிடும். மீன் பிடிக்கப் போகும்போது நாயை அழைத்துச் செல்பவர்கள் கரையில் குடலையும் தலையையும் வீசாதீர்கள்.

ஐந்து: மழை பெய்த மறுநாள் புல்தரையில் மண்புழு நெளியும்போது நாய்க்குட்டியை அதன் போக்கில் விடாதீர்கள். பூனையின் மணல் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

ஆறு: குடல் புழு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கொக்கிப்புழு வெறுங்காலில் மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் தோலையும் துளைக்கும். அந்த மருந்துக்கு அதன் வேலை உண்டு. எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று எண்ணுவதுதான் தவறு.

நம்மில் பலர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள். நாய் மெலிந்தால் பூச்சி, பூனை சோர்ந்தால் பூச்சி என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள். அந்தக் காலத்தில் அருகில் கிளினிக் கிடையாது, வேறு வழியும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று தாமானுக்குத் தாமான் கால்நடைக் கிளினிக் இருக்கிறது. ஒரு சிறுநீர்ச் சோதனை பத்து ஊகங்களைத் தள்ளிவிடும்.

நிகழ்ச்சி முடிந்து மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. முன்வரிசை அம்மாதான். "குழாயைப் போட்டு அடைப்பை எடுத்துட்டாங்க தங்கச்சி. உள்ளே மணல் மாதிரி இருந்துச்சாம். நேத்து மத்தியானம் சோறு தின்னுச்சு. பூச்சி ஒன்னும் இல்லன்னு டாக்டர் சொன்னார்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா போயிருக்குமாம்" என்றார்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு நாளைத்தான் விட்டோம். உங்கள் வீட்டில் விடாதீர்கள்.

அடுத்த வாரம் மற்றோர் அரங்கத்தின் செய்தியோடு சந்திப்போம்.